கட்டையோடு போன கோடுகள்

(கோவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பின்னால் தூணோரம் நின்றுகொண்டிருக்கும் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகளே! முன்வரிசையில் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது, வந்து உட்காருங்கள். இன்றைக்குக் கைமாற்றிப் பார்க்க ஒரு பொருள் கொண்டுவந்திருக்கிறேன். தூணோரம் நின்றால் உங்கள் கைக்கு வந்து சேராது.

அழைப்பிதழில் 'கோத்தகிரி தந்த ஓவியர்' என்று போட்டுவிட்டீர்கள். மலைக்காரர்கள் சிலர் அதைப் பார்த்துத்தான் வந்திருப்பீர்கள். முதலிலேயே கொஞ்சம் ஏமாற்றிவிடுகிறேன். ஆர்தர் பாய்ட் ஹௌட்டன் 1836 மார்ச் 13ஆம் தேதி கோத்தகிரியில் பிறந்தார், அது உண்மை. அடுத்த வருஷமே குடும்பம் லண்டனுக்குக் கப்பலேறிவிட்டது, அதுவும் உண்மை. தத்தித் தத்தி நடக்கிற வயதில் போன பிள்ளைக்கு மலையும் மூடுபனியும் நினைவில் எங்கே நிற்கப்போகிறது? கோத்தகிரி அவருக்குத் தந்தது பிறந்த ஊர் என்ற ஒரு வரிதான். அதை வைத்துக்கொண்டு அவருக்கு இங்கே சிலை எழுப்ப வேண்டாம்.

ஆனால் அந்தக் குடும்பம் கோத்தகிரிக்கு வந்த கதையில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அப்பா ஜான் மைக்கேல் ஹௌட்டன் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படையில் அதிகாரி. அங்கே வரைபடம் வரைவதுதான் அவருக்கு உத்தியோகம். கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் 1819 வாக்கில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டியில் வீடு கட்டிய பிறகு, சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் அடிபட்ட வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற மலையேறத் தொடங்கினார்கள். ஆக, வரைகிற கையுள்ள ஒரு அப்பாவுக்கு நான்காவது மகனாக இந்தக் குழந்தை அங்கே பிறந்தது. குடும்பத்துக்கு இந்தியாவோடு இருந்த தொடர்பு அதற்குப் பிறகும் அறுந்துபோகவில்லை. அது எங்கே வந்து கைகொடுத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

லண்டனில் வளர்ந்த பையனுக்குச் சிறுவயதிலேயே ஒரு விபத்தில் ஒரு கண் பார்வை போய்விட்டது. முதலில் மருத்துவம் படிக்கவைக்கலாம் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அது ஒத்துவரவில்லை. நியூமன் தெருவில் லீ என்பவர் நடத்திய ஓவியப் பள்ளி, அப்புறம் ராயல் அகாடமிப் பள்ளி, மாலை வேளைகளில் லாங்கம் வரைவோர் சங்கம் என்று போனது இளமை. லாங்கத்தில் ஒரு தலைப்பைச் சொல்வார்கள். எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் ஒரு படம் வரைந்து வைக்க வேண்டும். 'பஞ்ச்' பத்திரிகையின் சார்லஸ் கீன் அங்கே வருகிறவர்.

1860ஐ ஒட்டி லண்டன் தெருக்களையும் கடற்கரைக் கூட்டத்தையும் சின்னச் சின்ன எண்ணெய் வண்ணப் படங்களாகத் தீட்டினார். பொம்மலாட்டம், தொண்டர் படையின் அணிவகுப்பு, ராம்ஸ்கேட் கடற்கரை மணல். இவை இன்று டேட் காட்சியகத்தில் இருக்கின்றன. ஓவியத்துக்கு நடுவில் நடப்பதில் அவருக்கு அக்கறை குறைவு. வேடிக்கை பார்க்கிற கூட்டத்தின் முகங்கள்தான் அவருக்கு வேண்டும். தேர் பார்க்கப் போய், தேரை விட்டுவிட்டு வடம் பிடிக்கிறவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படங்கள் நல்ல படங்கள்தான், ஆனால் அவற்றை வைத்துக் குடும்பம் நடத்த முடியவில்லை. 1861இல் கல்யாணம். சோற்றுக்கு வழி புத்தகப் படத்தில்தான் இருந்தது.

இப்போது அந்தப் பொருள். இதோ, இந்த வரிசையிலிருந்து கைமாற்றுங்கள். கீழே போட்டுவிடாதீர்கள், என் அப்பா வைத்துவிட்டுப் போனது. அவர் இந்த ஊரில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக இருந்தார். கல்யாணப் பத்திரிகையின் தலையில் போடுகிற பிள்ளையார் ப்ளாக் இது. கட்டையின் உயரத்தை விரலால் தடவிப் பாருங்கள். அச்செழுத்து எவ்வளவு உயரமோ அவ்வளவு. அப்படி இருந்தால்தான் எழுத்தோடு சேர்த்து ஒரே சேஸில், அதாவது இரும்புச் சட்டத்தில், முடுக்கி, ஒரே ஓட்டத்தில் அடிக்க முடியும். செம்புத் தகட்டுப் படத்தைத் தனி எந்திரத்தில் தனியாக அடித்துப் பிறகு புத்தகத்தில் சேர்க்க வேண்டும். மரக்கட்டைக்கு அந்த வேலையில்லை, எழுத்து ஓடும்போதே படமும் ஓடிவிடும். விக்டோரியா காலத்துப் பத்திரிகையிலும் புத்தகத்திலும் மரக்கட்டைப் படம் கொடிகட்டிப் பறந்ததற்குக் காரணம் அழகு மட்டுமல்ல, இந்த உயரமும்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். கட்டையில் பிள்ளையார் வலம்புரி, அச்சில் இடம்புரி. ஒரு தடவை புதிதாக வந்த செதுக்குக்காரர் யோசிக்காமல் நேராகவே செதுக்கிவிட, அச்சில் வலம்புரிப் பிள்ளையார் வந்து நின்றார். பெண் வீட்டார் பத்திரிகைக் கட்டைப் பிரித்த கையோடு திருப்பி எடுத்துவந்துவிட்டார்கள். 'வலம்புரிக்கு ஆசாரம் ஜாஸ்தி ஐயா, எங்களால் தாங்காது' என்று. அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஹௌட்டன் போன்றவர்களுக்கு இந்தத் தலைகீழ்ப் புத்தி விரல் நுனியிலேயே இருந்தாக வேண்டும். வாளைப் பிடிக்கிற வலக்கை கட்டையில் இடக்கையாக இருக்க வேண்டும்.

அவர்கள் பயன்படுத்தியது பாக்ஸ்வுட். பெரும்பாலும் துருக்கியிலிருந்து வரும், இரும்பு மாதிரி இறுகிய மரம். பலகையாக நீளவாக்கில் அறுக்காமல் தண்டைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் வேலை செய்வார்கள். அப்போதுதான் மயிரிழைக் கோடும் நார் பிரியாமல் நிற்கும். ஆனால் அந்த மரம் பருக்காது. பெரிய படம் வேண்டுமென்றால் துண்டுகளைப் பின்பக்கம் திருகாணி போட்டுச் சேர்க்க வேண்டும். பத்திரிகைக்கு அவசரம் என்றால் திருகாணியைக் கழற்றி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிடுவார்கள். ராத்திரி முழுக்க ஆறேழு பேர் ஒரே வானத்தைத் துண்டு துண்டாகச் செதுக்குவார்கள். விடிந்ததும் தலைமைச் செதுக்குநர் அவற்றை மறுபடி கோத்து, ஒட்டு தெரியாமல் கோடுகளை இழுத்துவிடுவார். பழைய பத்திரிகைப் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், சில சமயம் வானத்தின் நடுவே மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று நேராக ஓடும். அதுதான் ஒட்டு.

கட்டையின் முகத்தில் வெள்ளை பூசி, அதன்மேல் ஓவியர் பென்சிலாலும் தூரிகையாலும் மையாலும் வரைவார். பிறகு கட்டை செதுக்கு மேசைக்குப் போகும். வெள்ளையாக வரவேண்டிய இடத்தையெல்லாம் செதுக்குநர் உளியால் தோண்டி எடுப்பார். தோண்டத் தோண்ட ஓவியம் போய்க்கொண்டே இருக்கும். வேலை முடியும்போது ஓவியர் வரைந்ததில் ஒரு கோடுகூட மிச்சமிருக்காது. செதுக்குநர் விட்டுவைத்த மேடு மட்டும் நிற்கும். படத்தின் மூலையில் 'டால்சியல்' என்று பெயர் வேறு இருக்கும். கேம்டன் டவுனில் பட்டறை வைத்திருந்த அந்தச் சகோதரர்கள் நார்தம்பர்லாந்திலிருந்து வந்தவர்கள். அந்தக் காலத்து ஓவியர்களில் பெயர் வாங்கிய பலரும் அவர்கள் பட்டறை வழியாகத்தான் வெளியே வந்தார்கள்.

1860களில் ஒளிப்படம் மூலம் ஓவியத்தைக் கட்டைமேல் பதிக்கும் முறை பரவிய பிறகு, மூல ஓவியம் தப்பிக்கத் தொடங்கியது. அதற்கு முன் வரைந்தவை கட்டையோடு போனவைதான். ஹௌட்டனின் நல்ல வேலையில் பெரும்பகுதி அப்படிப் போனது. சபையில் ஒருவர், 'அப்படியானால் நாம் பார்ப்பது அவர் படமா, டால்சியல் படமா?' என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். கீர்த்தனையை எழுதியவர் ஒருவர், நம் காதில் விழுவது பாடுகிறவர் குரல். இருந்தாலும் எழுதியவரை அடையாளம் கண்டுகொள்கிறோம் இல்லையா? டால்சியல் பட்டறையில் மில்லே, டெனியல் போன்ற ஓவியர்களின் படங்களும் ஹௌட்டன் படமும் ஒரே உளியால்தான் செதுக்கப்பட்டன. அப்படியும் பக்கத்தைப் புரட்டும்போது ஹௌட்டன் எங்கே வருகிறார் என்று கையெழுத்தைத் தேடாமலே சொல்லிவிடலாம்.

நான் பக்கம் புரட்டச் சொல்கிற புத்தகம் 'ஆயிரத்தொரு இரவுகள்'. டால்சியல் சகோதரர்கள் ஏற்பாட்டில் 1863 முதல் பகுதி பகுதியாக வந்து 1865இல் இரண்டு தொகுதிகளானது. இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பகுதி இரண்டே பேருடையவை, ஒருவர் தாமஸ் டால்சியல், மற்றவர் ஹௌட்டன். இங்கேதான் இந்தியத் தொடர்பு கைகொடுத்தது என்கிறேன். மற்ற ஓவியர்களின் அரபு மாந்தர்கள் நாடக மேடைக்கு வேஷம் கட்டிக்கொண்டு வந்தவர்கள் போல இருப்பார்கள். ஹௌட்டனின் ஆட்கள் அந்தத் துணியை நேற்றும் உடுத்தியிருந்தவர்கள். தலைப்பாகை மடிப்பு கசங்கியிருக்கும், அரைக்கச்சை தளர்ந்து தொங்கும், உட்கார்கிறவன் தரையில் உட்காரத் தெரிந்தவனாக உட்கார்வான். பாக்தாத் என்று சொல்கிற கதையில் ஆட்களும் உடுப்பும் பல இடங்களில் இந்தியர்களாகவே இருப்பார்கள். கதைக்குப் பொருத்தமா என்றால் இல்லைதான். ஆனால் படத்தில் உயிர் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த குடும்பத்தில் பெட்டிக்குள் என்னென்ன இருந்திருக்கும், சாப்பாட்டு மேசையில் என்னென்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோத்தகிரியை அவர் பார்த்ததாகச் சொல்ல முடியாது. அந்தப் பெட்டியைப் பார்த்திருப்பார்.

1864இல் மனைவி சூசன் இறந்தார். மூன்றாவது பிரசவம். அடுத்த ஆண்டு ரூட்லெட்ஜ் பதிப்பகம் வெளியிட்ட குழந்தைகள் புத்தகம் ஒன்றில் அவருடைய 35 படங்கள் வந்தன. வீட்டுக் காட்சிகள், பெண் கவிஞர்கள் எழுதிய பாட்டுகள், கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்கத் தோதான தடித்த அட்டை. பாட்டுகள் சர்க்கரைப் பாகு. படங்களில் அந்த இனிப்பு இல்லை. குழந்தைகள் சட்டத்தை முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பெரியவரின் மேல் ஏறுகிறார்கள், முடியைப் பிடித்து இழுக்கிறார்கள், ஒருவரை ஒருவர் மிரட்டுகிறார்கள். சில படங்களில் பெரியவர்களைவிடக் குழந்தைகள்தான் அந்த அறைக்கு எஜமானர்கள். மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு மழைநாள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் படங்கள் புரியும். மனைவியை இழந்த துயரம் இதில் தெரிகிறது என்று எழுதுகிறவர்கள் உண்டு. என்னால் அதை அவ்வளவு எளிதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. இந்தக் கண் அவருக்கு முன்பே, ராம்ஸ்கேட் மணலிலேயே இருந்தது.

கண் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கண் உள்ளவருக்கு ஆழம் தெரியாது, அதனால்தான் அவர் படங்களில் முன்னால் நிற்கிற ஆட்கள் பூதாகாரமாகச் சட்டத்தில் பாதி வெட்டுண்டு நிற்கிறார்கள் என்று ஒரு விளக்கம் உலவுகிறது. கேட்கச் சுவையாக இருக்கிறது. இரண்டு கண்ணும் நன்றாக உள்ளவர்கள் அப்படி வரைந்ததில்லையா? எனக்குப் படுகிற உண்மை வேறு. உள்ளங்கையளவு கட்டை, அதில் மயிரிழைக் கோடுகள், குளிர்காலத்து லண்டனில் எரிவாயு விளக்கு, பார்க்க ஒரே ஒரு கண். அந்தக் கண்ணும் வலி கொடுத்துக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்டவர் 1866இல் 'டான் கிஹோட்டே'வுக்கு 100 படங்கள் வரைந்தார். எண்ணிப் பாருங்கள், நூறு. அதே வருஷங்களில் 'குட் வேர்ட்ஸ்', 'சண்டே மேகசின்', 'ஆர்கசி' என்று மாதப் பத்திரிகைகளுக்கு வேறு.

'டான் கிஹோட்டே' படங்கள் ஏற்ற இறக்கம் உள்ளவை. சிலவற்றில் அவசரம் தெரிகிறது. இருந்தாலும் அந்தக் கிழவரைக் கேலிப்பொருளாக்காமல், பக்கத்து வீட்டில் உள்ள கொஞ்சம் தவறிப்போன பெரியவராக வரைந்திருக்கிறார். அது போதும், மேலே போகிறேன்.

1869. வில்லியம் லூசன் தாமஸ் என்ற மரக்கட்டைச் செதுக்குநர் 'தி கிராஃபிக்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்குகிறார். முதல் இதழ் டிசம்பர் 4. உளி பிடித்தவர் பத்திரிகை நடத்துகிறார் என்றால் ஓவியனின் கோட்டை மதிப்பார் அல்லவா? முதல் இதழ் வருவதற்கு முன்பே ஹௌட்டனை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிவிட்டார். அந்த ஆண்டு மே மாதம்தான் கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை இணைந்திருந்தது. நியூயார்க், பாஸ்டன், அப்புறம் மேற்கே ஒமாஹா, சால்ட் லேக் சிட்டி, காட்டெருமை வேட்டை, பானீ பழங்குடியினர் என்று 1870 வரை சுற்றினார்.

ஷேக்கர்கள் என்ற துறவுக் கூட்டத்தாரை அவர் வரைந்ததைத்தான் நான் எப்போதும் முதலில் காட்டுவேன். நியூயார்க் மாநிலத்தில் லெபனான் மலையில் ஆணும் பெண்ணும் பிரிந்து வாழ்ந்து, கூடி வழிபடும்போது நடனமாடுகிறவர்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, கைகளை முன்னால் நீட்டி அசைத்தபடி வட்டமாக நடக்கிறார்கள். மற்ற ஓவியர்கள் தூரத்தில் நின்று கூட்டம் முழுவதையும் காட்டுவார்கள். ஹௌட்டன் அவர்கள் நடக்கிற பாதையிலேயே போய் நின்றுகொண்டார் போலிருக்கிறது. ஒடுங்கிய கன்னமும் இறுகிய வாயும் வெள்ளைக் குல்லாயும் நம் மூக்குக்கு முன்னால் கடந்து போகின்றன. பக்தியையும் சோர்வையும் ஒரே முகத்தில் வைக்கிறார். கேலி செய்கிறாரா, மதிக்கிறாரா என்று கடைசிவரை தெரியாது.

அமெரிக்கர்களுக்கு அது தெரிய வேண்டியிருந்தது. படங்கள் 'கிராஃபிக்'கில் வர வர அந்த நாட்டுப் பத்திரிகைகள் கோபித்துக்கொண்டன. எங்களை இப்படியா வரைவது என்று. சிறைச்சாலையையும் ஏழைகளையும் தெருப் பேர்வழிகளின் அலட்டலையும் பார்த்தவர், கட்டடங்களையும் கனவான்களையும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. விருந்தாளியாகப் போய்விட்டுச் சமையலறையை எட்டிப்பார்த்தால் வீட்டுக்காரருக்குப் பிடிக்குமா?

திரும்பி வந்ததும் பாரீஸில் மக்கள் எழுச்சி, கம்யூனின் காலம். அந்த ஊரின் மோன்மார்த்ர் பகுதிப் பெண்களை அவர் வரைந்த படம் 1871இல் 'கிராஃபிக்'கில் வந்தது. அதே ஆண்டில்தான் நீர்வண்ண ஓவியர்கள் சங்கம் அவரை இணை உறுப்பினராகத் தேர்ந்தது. 1804இல் தொடங்கிய பழைய சங்கம். அன்றைய லண்டனில் புத்தகப் படம் போடுவது கூலி வேலை, நீர்வண்ணம் கௌரவம். தங்க முலாம் சட்டத்தில் மாட்டி வரவேற்பறையில் தொங்கவிடலாம். கட்டையில் பெயர் வாங்கிய பலர் கடைசியில் அந்தச் சங்கத்து வாசலில் போய் நின்றார்கள். ஃபிரெட் வாக்கர் 1864இல் போனார், ஜார்ஜ் பின்வெல் 1869இல் போனார், ஹௌட்டன் கடைசி.

கட்டையில் பழகிய கை நீர்வண்ணத்தில் என்ன செய்யும்? தாளின் வெள்ளையை விட்டுவைத்து, நீர் ஓட ஓடத் தீட்டுவது பழைய ஆங்கில முறை. இவர்கள் வெள்ளை கலந்த கெட்டி வண்ணத்தை எடுத்துக்கொண்டு, நுனித் தூரிகையால் சின்னச் சின்னக் கோடாக அடுக்குவார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் செதுக்குநருக்கு வழிகாட்டப் போட்ட கோடு மாதிரியே இருக்கும். வாக்கரிடம் அது மென்மையான ஒளியாகக் கனிந்தது. ஹௌட்டனிடம் அப்படிக் கனியவில்லை என்பது என் எண்ணம். நிறம் கூடியதும் அவருடைய கோபமும் குறும்பும் கொஞ்சம் அடங்கிவிடுகின்றன. அவர் கை பட்ட தாளை நாம் நேரடியாகப் பார்க்கிறோம், இடையில் எந்தச் செதுக்குநரும் இல்லை, அப்படியும் அதில் ஹௌட்டன் குறைவாகவே இருக்கிறார். இன்னொருவர் உளி தோண்டித் தீர்த்த படங்களில் முழுதாக இருக்கிறார். எனக்கு இது இன்னும் பிடிபடவில்லை, பதில் இருப்பவர்கள் தேநீர் நேரத்தில் சொல்லுங்கள்.

குடி அவரைத் தின்றுகொண்டிருந்தது. கல்லீரல் கெட்டு, 1875 நவம்பரில் லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் பக்கம் வீட்டில் இறந்தார். வயது 39. அந்த ஜூன் மாதம் ஃபிரெட் வாக்கர் போயிருந்தார், 35 வயது. செப்டம்பரில் பின்வெல், 32 வயது. கட்டைக்கு வரைந்து நீர்வண்ணத்துக்கு வந்த மூன்று பேர், ஆறு மாதத்துக்குள். வாக்கருக்காக ஊரே அழுதது. ஹௌட்டனுக்கு அவ்வளவு பேர் இல்லை. இருபது வருஷம் கழித்து, 1896இல், லாரன்ஸ் ஹௌஸ்மன் என்ற இளம் ஓவியர்தான் அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் திரட்டி ஒரு புத்தகம் போட்டார்.

அதற்கு முன்பே ஒருவர் பார்த்துவிட்டார். 1873 முதல் 1875 வரை லண்டனில் ஓவிய வியாபாரக் கடையொன்றில் ஒரு டச்சு இளைஞன் வேலை பார்த்தான். 'கிராஃபிக்' அலுவலகத்தின் கண்ணாடி ஜன்னலில் புதுப் படம் மாட்டுகிற நாளில் போய்ப் பார்த்துவிட்டு வருவான். அப்போது ஹௌட்டன் உயிரோடுதான் இருந்தார், அதே ஊரில். கடை வேலை நிலைக்கவில்லை. ஓவியன் ஆவது என்று முடிவு செய்து, 1883 ஜனவரியில் ஹேக் நகரில் கையில் காசில்லாத நேரத்தில், 1870 முதல் 1880 வரையான 'கிராஃபிக்' தொகுதிகள் இருபத்தொன்றை வாங்கினான். தொகுதிக்கு ஒரு கில்டர். வின்சென்ட் வான் கோ என்று பெயர். நண்பர் வான் ராப்பார்டுக்கு எழுதிய கடிதங்களில் பாய்ட் ஹௌட்டனைச் சொல்லிச் சொல்லி வியந்திருக்கிறார். படங்களைத் தொகுதியிலிருந்து வெட்டி எடுத்து, ஓரம் கத்தரித்து, கெட்டித் தாளில் ஒட்டி வைத்துக்கொண்டார். அவர் சேகரித்த அச்சுப் படங்கள் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

இதற்குமேல் நீட்டினால் கடைசிப் பஸ் போய்விடும். அந்தக் கட்டை எங்கே வரைக்கும் போயிருக்கிறது? ஆ, அங்கேயா... துடைத்துக் கொடுங்கள் அம்மா, பழைய மை இன்னும் விரலில் ஒட்டும்.